பத்தாம் பாகத்தில் இயக்குநர் அழுத இடம்

எட்டு ஊர்களுக்குக் குழாயில் தண்ணீர் விடும், அதாவது விட வேண்டிய, தலைமை அலுவலகத்தில் ஊழியர்களுக்கு நாவல் படிக்கும் பழக்கம் போதாது என்ற பெருங்குறை ஒரு திங்கட்கிழமை காலை பதினொன்றே காலுக்குக் கண்டுபிடிக்கப்பட்டது. கண்டுபிடித்தவர் இயக்குநர். மூன்று நாள் பயிற்சிக்குப் போன இடத்தில் மற்ற இயக்குநர்கள் எல்லாரும் மந்திர வாளும் பறக்கும் குதிரையுமாக ஒன்பது பாகம் ஓடும் ஒரு மாயாஜாலத் தொடரைப் பற்றியே பேச, இவர் மட்டும் பேந்தப் பேந்த முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். மனுஷருக்கு மானம் போய்விட்டது.

வந்த கையோடு சுற்றறிக்கை பறந்தது. "இதனால் சகல பிரிவினருக்கும் தெரிவிக்கப்படுவது யாதெனில், வெள்ளிதோறும் மாலை நான்கு மணிக்கு வாசிப்பனுபவப் பகிர்வுக் கூட்டம் நடைபெறும். வாரம் ஒருவர் ஒரு பாகம் குறித்துக் கருத்துரைக்க வேண்டியது. கருத்து இல்லாதவர்கள் மூன்று தினங்களுக்குள் எழுத்து மூலம் விளக்கமளிக்க வேண்டியது."

புத்தகங்களும் வந்து இறங்கின. ஒவ்வொன்றும் செங்கல் கனம். அலுவலகச் சொத்து அல்லவா, படித்தால் கசங்கிவிடுமே என்று அவற்றைக் கண்ணாடி பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இயக்குநர் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். படிக்க ஆசைப்படுகிறவர்கள் உரிய படிவத்தில் விண்ணப்பிக்கலாம். படிவம் அச்சுக்குப் போயிருந்தது.

அதனால் கூட்டம் நின்றுவிட்டதா என்ன? ஜாம் ஜாமென்று நடந்தது. முதல் வாரம் தலைமை எழுத்தர் எழுந்து, "ஆரம்பம் விறுவிறுப்பு. நடுவுல கொஞ்சம் தொய்வு. முடிவு உருக்கம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அந்த ஆபீசில் முன்மாதிரி இல்லாமல் ஒரு வரி எழுத மாட்டார்கள். முன்மாதிரி கிடைத்துவிட்டாலோ விட மாட்டார்கள். ஆகவே ஒன்பது வாரமும் ஒன்பது பாகமும் ஆரம்பத்தில் விறுவிறுத்து, நடுவில் தொய்ந்து, முடிவில் உருகின. வரைபடக்காரர் மட்டும் "பேப்பர் நல்ல வழுவழுப்பு" என்று கூடுதலாக ஒரு வார்த்தை சொல்லி, துணிச்சல்காரர் என்று பெயர் வாங்கினார்.

பத்தாவது வாரம் தபால் எழுத்தரின் முறை. பத்தாவது வாரம் ஏது என்று கேட்கிறீர்களா? பட்டியல் தயாரித்த தட்டச்சர் கம்ப்யூட்டரில் முதல் இரண்டு எண்ணைப் போட்டுக் கீழே இழுத்துவிட்டாள். ஆபீசில் ஆட்கள் பத்து. பாகமும் பத்து வரைக்கும் தானாக ஓடிவிட்டது. இயக்குநர் கையெழுத்தும் போட்டாயிற்று.

பீரோவில் எத்தனை புத்தகம் என்று எண்ணிப் பார்க்கிற நிலையில் தபால் எழுத்தர் இல்லை. அவர் கவலை அவருக்கு. டீச்சரான மனைவியும் ஆறு வயது மகளும் நாலு மணி நேர பஸ் தூரத்தில், எட்டு ஊர்களில் கடைசி ஊரில் இருந்தார்கள். நாலு வருஷமாக அவர் மாதத்துக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் குடும்பஸ்தர். இடமாற்ற விண்ணப்பம் இயக்குநர் மேஜையில் பேப்பர்வெயிட்டுக்கு அடியில் படுத்துக் கிடந்தது.

போன தடவை வீட்டுக்குப் போனபோது மனைவி வழக்கம்போலக் குழாயைப் பற்றிப் புலம்பினாள். "மனு எழுதிப் போடு. எல்லாத்துக்கும் ஒரு முறை இருக்குல்ல" என்று இவரும் வழக்கம்போலச் சொன்னார். அது பெரிசில்லை. மகள் ஓடிப்போய், வீட்டில் விருந்தாளிகளுக்கென்று இருக்கிற மூடி போட்ட டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

"ஏண்டா கண்ணு, அப்பாவுக்கு எதுக்கு இந்த டம்ளர்?"

"இதுதான் உங்களுக்குன்னு வெச்சது" என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாள்.

பெற்ற பெண்ணுக்கே விருந்தாளியாகிவிட்டோமே என்று அவருக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"சார் மனசு குளிர்ற மாதிரி நாலு வார்த்தை பேசுய்யா, கையெழுத்து தன்னால விழும்" என்று தலைமை எழுத்தர் தட்டிக்கொடுத்து அனுப்பினார். தபால் எழுத்தர் எழுந்து நின்றார். "ஆரம்பம் விறுவிறுப்பு. நடுவுல கொஞ்சம் தொய்வு. முடிவுல..." அங்கே மகள் நீட்டிய டம்ளர் நினைவுக்கு வந்துவிட்டது. "முடிவுல ராஜா நாலு வருஷம் கழிச்சு வீட்டுக்கு வர்றான் சார். அவன் பொண்ணு அவனுக்கு விருந்தாளி டம்ளர்ல தண்ணி குடுக்குது."

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார். "அந்த இடத்துல நானும் அழுதேன்யா."

"நான் ரெண்டு தடவை சார்" என்றார் தலைமை எழுத்தர்.

பத்தாம் பாகத்தில் டம்ளர் வரும் இடத்தில் இயக்குநர் அழுத செய்தி ஒருமனதாகக் குறிப்பேட்டில் ஏறியது. விண்ணப்பத்தைத் திங்கட்கிழமை பார்ப்பதாகவும் அவர் வாக்குக் கொடுத்தார்.

திங்கட்கிழமை பொருள் காப்பாளர் வருடாந்தரச் சரிபார்ப்புக்கு வந்தார். பீரோவில் ஒன்பது புத்தகம். குறிப்பேட்டில் பத்துக்குக் கருத்து. ஒரு புத்தகத்தைக் காணோம்! கடைசியாகப் படித்தவர் யார்? தபால் எழுத்தர். அரை மணியில் குறிப்பாணை கைக்கு வந்தது: ஏழு நாளுக்குள் பத்தாம் பாகத்தை ஒப்படைக்க வேண்டியது, அதுவரை இடமாற்றம் நிறுத்திவைக்கப்படுகிறது.

அவர் இயக்குநர் அறைக்கு ஓடினார். "சார், பத்தாம் பாகம்னு ஒண்ணு கிடையவே கிடையாது. இன்னும் எழுதவே இல்லையாம் சார்."

"அப்ப நான் அழுதது?"

"தொடரே ஒன்பது பாகம்தான் சார்."

"இல்லாத புத்தகத்துக்கு ஒரு இயக்குநர் அழுவாரா? யோசிச்சுப் பேசுய்யா. எனக்கு மேல இருக்கறவங்களுக்கும் அந்தக் குறிப்பு போயாச்சு. அவங்களும் அழுதிருக்காங்க."

போனில் மனைவியிடம் சொன்னபோது அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "அட, இதுக்கா இடிஞ்சுபோய் உக்காந்திருக்கீங்க? அங்க கிடக்கற காகிதத்துல ஒரு கட்டை எடுத்து பைண்டு பண்ணிக் குடுங்க. யாரு பிரிச்சுப் பாக்கப் போறா?"

காகிதத்துக்கா பஞ்சம்! தபால் அறையில் பொதுமக்களின் மனுக்கள் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன. வருகிற மனுவுக்குத் தபால் எழுத்தர் எண் போடலாம், "பெறப்பட்டது" என்று முத்திரை குத்தலாம். படிக்க மட்டும் கூடாது. படிப்பது மேலதிகாரிக்கு உரிய அதிகாரம். மேலதிகாரிக்கோ நேரம் கிடையாது. நம்மவர் விதிமுறை தவறாதவர். அறுநூறு மனுவை அப்படியே அள்ளி, பைண்டிங் கடையில் கொடுத்து, நீல அட்டையில் தங்க எழுத்தில் "பத்தாம் பாகம்" என்று போட்டு வாங்கிவந்தார். பொருள் காப்பாளர் தூக்கிப் பார்த்தார். கனம் சரியாக இருந்தது. இடமாற்ற உத்தரவு அன்றைக்கே கையெழுத்தாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை இயக்குநருக்கு ஒரே உற்சாகம். "நான் அழுத இடத்தை நானே வாசிக்கறேன்" என்று பத்தாம் பாகத்தைத் திறந்துவிட்டார். இயக்குநர் பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"அடடா, அத்தியாயத்துக்கு ஒரு கடிதம்! ஒவ்வொண்ணும் ஒவ்வொரு கையெழுத்து! உத்தின்னா இது உத்தி! நம்ம ஆபீஸ் முத்திரைகூட அச்சு அசலா இருக்கு பாருங்க! இதோ, டம்ளர்! நானூத்திப் பன்னெண்டாம் பக்கம். சொன்னேனா இல்லையா?"

வாசித்தார். "ஐயா, எங்கள் தெருக் குழாயில் பதினோரு மாதமாகக் காற்றுதான் வருகிறது. இது என் ஆறாவது மனு. வரிசையில் நின்று பிடிக்கும் தண்ணீர் உப்புக் கரிக்கிறது. என் கணவர் மாதம் இரண்டு முறை வீட்டுக்கு வருவார். அவருக்கென்று என் மகள் நல்ல தண்ணீராக ஒரு டம்ளர் பிடித்து வைக்கிறாள். மூடி உள்ள டம்ளர் அது ஒன்றுதான். தாகம் எடுத்தாலும் அவள் அதைத் தொடுவதில்லை. கணவரிடம் சொன்னால் மனு எழுதிப் போடு என்கிறார். ஆகவே எழுதுகிறேன்."

எல்லார் கண்ணிலும் தண்ணீர். முன்மாதிரி இல்லாமலே வந்த கண்ணீர்.

"என்ன கற்பனை, என்ன கற்பனை!" என்று இயக்குநர் மூக்கை உறிஞ்சினார். "குழாயில காத்து வருதாம்! இப்படி ஒரு நாடு எங்கயாவது உண்டா?"

"இருக்கவே முடியாது சார்" என்றார் தலைமை எழுத்தர்.

"முதல்ல படிச்சவன் நீதான். உன் கருத்தைச் சொல்லுய்யா."

தபால் எழுத்தர் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மேல்மூலையில் அவர் குத்திய முத்திரை, கொஞ்சம்கூடக் கோணாமல் நேராக இருந்தது. "நான் இன்னும் படிக்கலை சார்" என்றார்.

பத்து வாரத்துக்கும் மேலாக அந்த அறையில் சொல்லப்பட்ட ஒரே உண்மையான கருத்து அதுதான். எல்லாரும் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டு கைதட்டினார்கள்.

"அது சரி," என்றார் இயக்குநர், "உன்னை எந்த ஊருக்குய்யா மாத்தியிருக்கேன்?"

"நானூத்திப் பன்னெண்டாம் பக்கத்துக்கு சார்."

கூட்டம் வயிறு வலிக்கச் சிரித்தது. இயக்குநரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்து முடித்துவிட்டு, புத்தகம் கசங்கிவிடப் போகிறது என்று பீரோவில் வைத்துப் பூட்டினார்.