அரை மணியில் மடிய வேண்டிய பனி

பனிக்கட்டிக்கு ஆணையிட்ட முதல் நிறுவனம் என்ற பெருமை, உலக வரலாற்றிலேயே, ஜப்பானின் சப்போரோ நகரின் 'வான்பனி ஆய்வு நிலைய'த்தையே சேரும். பனியைக் கெஞ்சியவர்கள் உண்டு, திட்டியவர்கள் உண்டு. கூட்டம் போட்டு ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியவர்கள் இவர்கள் மட்டுமே.

விஷயம் இதுதான். எங்கோ வியாழனைச் சுற்றும் பனி நிலாவின் மேலோட்டில் அங்கங்கே மடிப்புகள் தெரிகின்றன. அவை எப்படி உண்டாகின்றன என்று குளிரறையில் செய்து காட்டுவது ஆய்வாளர் ஹிரானுமா மிட்சுயோவின் வேலை. மேலே குளிர்ந்து இறுகிய பனி, அடியில் கொஞ்சம் இளகிய பனி. பக்கவாட்டில் மிக மெதுவாக நெருக்கினால் மேலடுக்கு பாலாடைபோலச் சுருங்கி மடியும். வாரக்கணக்கில் ஆகும். அவசரப்பட்டால் உடையும். மார்ச்சில் அவளுடைய ஒப்பந்தம் வேறு முடிகிறது. மடிப்பு வந்தால் வேலை நீடிக்கும், வராவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

இயக்குநர் குராமோச்சி தொலைநோக்கு உள்ளவர். அதனால் தொலைக்காட்சிக்காரர்களை முதலில் அழைத்துவிட்டு, பிறகு அவளை அழைத்தார்.

"வெள்ளிக்கிழமை வர்றாங்கம்மா. அரை மணி நேரத்துல மடிச்சுக் காட்டிடு."

"அரை மணியில உடையத்தான் செய்யும், சென்செய்," என்றாள். 'ஐயா' என்பதற்கு அங்கே அப்படித்தான் சொல்வார்கள்.

"பனிக்கு நம்ம நிலைமையை யாராவது எடுத்துச் சொன்னீங்களா?"

"இல்லைங்க..."

"அதானே பார்த்தேன்! கூட்டத்தைக் கூட்டு."

இரண்டு சுற்று பச்சைத் தேநீருக்குப் பிறகு, பனியானது 'காலத்தின் தேவையை உணர்ந்து' அரை மணிக்குள் மடிய வேண்டும் என்று தீர்மானமாயிற்று. மிட்சுயோவும் கை தூக்கினாள். அந்த அறையில் கை தூக்காதவர்களை, மார்ச்சுக்குப் பிறகு, யாரும் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை, கேமராக்கள் முன்னால், இயக்குநர் தம் திருக்கரத்தாலேயே நெருக்கும் கைப்பிடியைச் சுற்றினார். அவள் "மெதுவா, மெதுவா" என்று கெஞ்சினாள். அவர் சிரித்துக்கொண்டே இன்னும் வேகமாகச் சுற்றினார். படாரென்று பனி தீர்மானத்தை மீறியது. ஒரு துண்டு போய்க் கேமராக்காரரின் பூட்ஸுக்குள் விழுந்தது.

தவறு நடந்தால் தலைவர் ஒலிவாங்கி முன் வந்து முதுகை வளைத்து மன்னிப்புக் கேட்பது அங்கே மரபு. குராமோச்சி மரபுகளில் பற்று மிகுந்தவர். ஆனால் சரியாக அந்த நேரம் பார்த்து அவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது.

"எனக்குப் பதிலா நீ குனிஞ்சிடும்மா."

"கைப்பிடியைச் சுத்தினது நீங்கதானே, சென்செய்?"

"ஒப்பந்தம் மார்ச்லதானே முடியுது?" என்று அன்போடு விசாரித்தார்.

அவளுக்கு வீட்டு வாடகை நினைவுக்கு வந்தது. குனிந்தாள்.

"மெதுவா," என்று காதோரம் கிசுகிசுத்தார் இயக்குநர். "இன்னும் மெதுவா. அவசரப்பட்டா நல்லாயிருக்காது. வளைவு சீரா வரணும்."

இத்தனை மாதம் அவள் சொல்லியும் ஏறாத பாடம், ஒரே நொடியில் அவருக்கு மனப்பாடமாகியிருந்தது! அதைக் கேட்டதும் வாடகை மறந்துபோயிற்று.

"அப்போ, மடிப்பு வரவே இல்லையா?" என்றார் ஒரு நிருபர்.

"வந்துடுச்சுங்களே," என்றாள் மிட்சுயோ, குனிந்தபடியே, ஒலிவாங்கியில். "இதோ, அதைத்தானே படம் பிடிக்கிறீங்க? நிலாவுல நெருக்கினா மேலடுக்கு மடியும். எங்க நிலையத்துல அடியில இருக்கிறதுதான் மடியும். மேலடுக்குக்கு இடுப்புப் பிடிப்பு."