ஆப்பிரிக்கச் சிங்கத்தின் சொந்த ஊர்

ஐக்கிய நாடுகள் சபை நியூயார்க்கில் இருப்பதாகப் பலர் நம்புகிறார்கள். 1961இல் அது திருச்சியில், காந்தி மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகையில், சனிக்கிழமைதோறும் கூடியது. அதன் ‘கொள்கை விளக்கச் செயலாளர்’ அடியேன். அதாவது, நஜிமுதீன் பாய் நடத்திய மல்யுத்தக் காட்சிகளுக்கு நோட்டீஸ் எழுதுவதும், யார் எப்போது விழ வேண்டும் என்று கதை கட்டுவதும் என் பணி. மற்ற நாட்களில் வாரப் பத்திரிகைகளுக்குக் குடும்பக் காதல் கதைகள் எழுதுவேன். என் கதாநாயகர்கள் அனைவரும் சிவந்த மேனியர். இலக்கியத்துக்கு ஒரு தரம் வேண்டுமல்லவா?

எங்கள் கொட்டகையில் பாரபட்சம் கிடையாது. ஆப்பிரிக்கா, ரஷ்யா, சீனா எல்லாவற்றுக்கும் சம இடம். எல்லா நாடுகளும் சமமாகத் தோற்றன, ஸ்ரீரங்கத்து அழகிரியிடம். அழகிரிக்குப் புஜபலம் சுமார், நிறம் பிரமாதம். ஆகவே அவன் ‘பாரத பீமன்’.

உலக நாடுகளோ, சிக்கனம் கருதி, ஒரே ஆளிடம் குடியிருந்தன. வையம்பட்டிக் காத்தான் மார்க்கெட்டில் லாரியிலிருந்து வாழைத்தார் இறக்குகிறவன். மஞ்சள் பூசினால் சீனப் புலி. அரிசி மாவு பூசினால் ரஷ்யக் கரடி. ஒன்றும் பூசாவிட்டால் ஆப்பிரிக்கச் சிங்கம். மூன்றாவது சுற்றில் வேர்வை பெருகி, ரஷ்யா கரைந்து வையம்பட்டி தெரியும். அதற்குள் அவன் விழுந்துவிடும்படி கதை அமைப்பது என் தனித்திறன்.

இந்நிலையில் காத்தான் என்னிடம் ஒரு ‘கோரிக்கை’ வைத்தான். முசிறியில் பெண் பேசியிருந்தார்கள். பெண்ணின் அப்பா சின்னையா, வாரம் ஒரு தேசத்துக்காகத் தோற்கிறவனுக்குப் பெண் இல்லை என்று சொல்லிவிட்டாராம். அடுத்த சனிக்கிழமை மகளோடு நேரிலேயே வருகிறார். அன்றைக்குச் சொந்தப் பேரில் ஜெயித்தால்தான் கல்யாணம்.

“ஒரே ஒரு தடவை சார். காத்தானா ஏறி, காத்தானா எறங்கிடறேன்” என்றான்.

அவசரக் கூட்டம் கூட்டினோம். மூட்டை தூக்குகிறவனிடம் தோற்பது பாரதத்தின் கௌரவத்துக்கு இழுக்கு என்றான் அழகிரி. டிபன் வந்ததும் சம்மதித்தான். பாய்தான் தயங்கினார்.

“ஜெயிக்கட்டும், எனக்கென்ன. ஆனா வையம்பட்டி எந்த தேசம்னு கேப்பாங்களே சார், என்ன சொல்றது?”

நான் பரந்த மனத்தோடு தீர்ப்பளித்தேன். காத்தான் தன் பேரிலேயே வெல்வான். ஆனால் வெல்கிறவன் கதாநாயகன். ஆகவே ரஷ்யாவுக்குப் பூசும் மாவில் கொஞ்சம் குங்குமம் குழைத்து நானே பூசினேன். ‘சிவந்த மேனி’ என்று வருஷக்கணக்காக எழுதிய கை, குறை இருக்குமா? சுவை கருதி, வெற்றியை நாலாவது சுற்றுக்குத் தள்ளி வைத்திருந்தேன்.

நாலாவது சுற்றில் காத்தான் பாரத பீமனைத் தலைக்கு மேல் தூக்கினான். வேர்வை தன் கடமையைச் செய்தது. பெஞ்சிலிருந்து ஒருவர் எழுந்தார்.

“டேய், இது அந்த ஆப்பிரிக்காக்காரன்டா. மாவு பூசிக்கிட்டு நம்ம ஊர் பேர்ல ஏமாத்தறான்.”

கூட்டம் நாட்டுப்பற்றால் பொங்கியது. செருப்புகள் வந்தன. அடுத்து நாற்காலிகள் வரும் என்று கணித்த பாய், கையைத் தாழ்த்திக் காட்டினார். காத்தான் அழகிரியைப் பதனமாக இறக்கிவிட்டு, வழக்கம்போல் கீழே படுத்தான். பாரதம் வென்றது.

சின்னையா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். அவர் மகள் வள்ளிக்கண்ணு வாசல் பக்கம் போகவில்லை. நேராக மேடைக்குப் பின்னால் வந்தாள். காத்தான் தண்ணீர் வாளியின் முன் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான்; பாதி கதாநாயகன், பாதி காத்தான். அவள் வாளியோரம் கிடந்த ஒரு துண்டை நனைத்து அவனிடம் நீட்டினாள்.

“தோத்தவன்ம்மா” என்றார் பின்னாலேயே வந்த சின்னையா.

“ஒரு ஆளைத் தலைக்கு மேல தூக்கினதை நீங்களும்தானே பாத்தீங்க. செருப்புக்குப் பயந்து அந்த ஆளைக் கீழ போட்டாரா?”

சின்னையா தோள் துண்டை மடித்துப் போட்டுக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தார். சம்பந்தம் முடிந்தது.

குடும்பக் கதாசிரியனாகிய என் கண்கள் பனித்தன. முன்னால் போய் என் பெயரைச் சொல்லி ஆசி வழங்கினேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“உங்க கதை ஒண்ணு விடாம படிப்பேன் சார். இவர் பொண்ணு பாத்துட்டுப் போன அன்னிக்கு, மாப்பிள்ளை இவ்வளவு கறுப்பான்னு சாப்பிடாம அழுதேன். எங்க வீட்ல யாரும் எனக்கு அதைச் சொல்லிக்குடுக்கல.”

பிறகு வாளியை என் பக்கம் நகர்த்தினாள்.

“உங்க கையில இன்னும் மாவு இருக்கு சார். கழுவிக்குங்க.”