மாலத்தீவுப் புத்தகப் பரணி

ஒப்பணக்கார வீதியில் இரண்டு தலைமுறை மணப்பெண்களுக்குப் பட்டளந்த கையுடையவரும், கோட்டைமேட்டின் குன்றாச் சுடரும், பேரம் பேசுவோரைப் புன்னகையாலேயே புறங்காணும் நரைதாடி வேங்கையுமாகிய நசுருதீனின் வீரம் வாழ்க! பொருட்காட்சி ஒலிபெருக்கியே, உன் கரகரத்த பெருங்குரலைச் சற்றே எனக்குத் தந்தருள். அவர் பொருத களத்தை நான் பாட வேண்டும்.

ஆண்டு ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று ஐந்து, மே மாதத்து ஞாயிறு மாலை, களமோ வ.உ.சி. மைதானப் பொருட்காட்சி. வேங்கை வெளிக்கிளம்பிய காரணம் பெரிது. அவருடைய ஒரே மகள் ஹிபா, மாலத்தீவின் தலைநகரான மாலேயில் கணக்கர் வேலை பார்க்கும் ஜாவித்துக்கு வாழ்க்கைப்பட்டவள், எட்டு மாதக் கர்ப்பிணி. தலைப்பிரசவத்துக்கு அம்மா வந்தே ஆக வேண்டும் என்று போனில் அழுதிருந்தாள். அம்மாவாகிய சாஜிதா பேகமோ, ஆழியாறு அணையில் படகேறி அலறிய நாள்முதல், நீர்மேல் மிதக்கும் எதிலும் ஏறுவதில்லை என்று கடுஞ்சபதம் பூண்டவர். விமானம் மகள் வீட்டு வாசலிலேயே இறக்கிவிடும் என்று நசுருதீன் மனைவியிடம் அடித்துச் சொல்லியிருந்தார். அது மெய்தானா என்பது அவருக்கே தெரியாது. தெரிந்துகொள்ளவே படையெடுத்தார்.

அதே வேளையில் எதிர்த்திசையிலிருந்து, ராட்டினக் கூட்டத்தை ஊடுருவி, வளையல் கடைகளை வலம்வந்து, அரக்குநிறச் சேலை வெற்றிக்கொடியாய்ப் படபடக்க, பீளமேட்டுப் பெருந்தேவி வெங்கடம்மாள் புறப்பட்டு வந்தார். பம்புசெட்டுப் பட்டறை நடத்தும் அவர் கணவர் கண்ணையா, கல்யாணமான புதிதில் கடல்நடுத் தீவொன்றைக் காட்டுவதாக வாக்களித்து, இருபத்தெட்டுக் கோடைகளையும் ஊட்டியோடு முடித்துக்கொண்டவர். அந்த வாரம் அம்மையார் விடாமல் நெருக்கவே, “வெவரம் பூராவும் கையில கொண்டாந்து குடு, டிக்கெட் போட்டறலாம்” என்று சொல்லிவிட்டார். விவரம் எங்கே கிடைக்கப் போகிறது என்ற துணிவில் அந்நேரம் மின்விசிறிக்கடியில் உறங்கிக்கொண்டுமிருந்தார்.

பயண ஏற்பாட்டாளர் லட்சுமிநாராயணன், அந்த மே மாதத்திலும் டை கட்டியிருந்த அசகாயர், தம் கடை மேசையில் தமிழில் அச்சிட்ட பதினாறு பக்க மாலத்தீவு விவரப் புத்தகங்களை இலவசமாகக் குவித்திருந்தார். குவியல் மாலைக்குள் கரைந்துபோக, நடுப்பக்கம் விரிந்தபடி எஞ்சிக் கிடந்தது ஒன்றே ஒன்று. அதன் இடப்பக்கத்தில் நசுருதீனின் கை இறங்கியது. அந்தக் கணத்திலேயே வலப்பக்கத்தில் வெங்கடம்மாளின் கையும் இறங்கியது.

பிற நாட்டுப் போர்களில் வசைமொழியே முதல் அம்பு; கொங்கு மண்ணிலோ மரியாதையே பேரஸ்திரம். “நீங்களே வச்சுக்குங்க அம்மணி” என்று தொடுத்தார் நசுருதீன், பிடியைத் தளர்த்தவில்லை. “இல்லீங்ணா, பெரியவங்க, நீங்க வச்சுக்குங்க” என்று எதிர்க்கணை விடுத்தார் வெங்கடம்மாள். அவருடைய விரல்கள் இன்னும் இறுகின. ஒரே கரும்பை இருபுறமும் கவ்விய இரு களிறுகள்போல, வணக்கத்துக்கு மேல் வணக்கமாக, ‘ங்க’வுக்கு மேல் ‘ங்க’வாக, அவர்கள் இழுக்க, பஞ்சுமிட்டாய் கையோடு கூட்டம் சூழ்ந்தது; லட்சுமிநாராயணனின் டை நனைந்தது. மகள் மாசமாக இருப்பதை நசுருதீன் எடுத்துரைத்தார். அம்மையாரின் நெஞ்சு இளகியது. ஆனால் இருபத்தெட்டு ஆண்டுகள் அவருடைய விரலில் இருந்தன, விரல் இளகவில்லை.

சர்ரென்று கிழிந்தது புத்தகம். தைத்திருந்த கம்பிகள் இரண்டும் மின்னித் தெறித்தன. இருவரும் ஆளுக்கு எட்டுப் பக்கத்தோடு, வெட்கத்தால் குன்றி, அருகிலிருந்த இரும்பு நாற்காலிகளில் அமர்ந்தனர்.

நசுருதீனின் பாதியில் விசா இருந்தது: முன்கூட்டி வாங்க வேண்டாம், இறங்கிய இடத்திலேயே முப்பது நாளுக்கு முத்திரை குத்துவார்கள். டாலர் இருந்தது. சுங்கச் சட்டம் இருந்தது. விமானம் எங்கே இறங்கும் என்பது மட்டும் இல்லை. அது வெங்கடம்மாளின் பாதியில், பருத்தி ஆடைக்கும் வெள்ளிக்கிழமை விடுமுறைக்கும் நடுவே இருந்தது. நசுருதீன் கேட்க, அம்மையார் படித்துச் சொன்னார்:

“ஏர்போர்ட்டே தனித் தீவுங்களாமா. அங்கிருந்து ஊருக்குத் தோணியிலதான் போகோணுமாமா.”

வேங்கையின் முகம் வெளுத்தது. தம் மனைவியின் சபதத்தை அவர் மெல்லச் சொன்னார். வெங்கடம்மாள் சற்றும் அசையவில்லை. “பொண்ணுக்குப் பிரசவம்னா பெத்தவ நீந்தியே போவாங்ணா. தோணின்னு இன்னைக்கே சொல்லிப்போடுங்க, அங்க போயிச் சொல்லாதீங்க.”

பின்பு நசுருதீன் தம் பாதியைப் புரட்டி, ஒரு வரியில் நின்று, தயங்கி, குரலைத் தாழ்த்திப் படித்தார்: மதுவும் பன்றியிறைச்சியும் போலவே வழிபாட்டுச் சிலைகளையும் அந்நாட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது. செம்புப் பெருமாளைப் பெட்டியில் முதலாவதாக வைப்பதென்று வெங்கடம்மாள் தீர்மானித்திருந்தார். சிறிது நேரம் ராட்டினத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சாமி ஊட்லயே இருக்கட்டுங்க,” என்றார் கடைசியில். “இத்தன வருசமா தெனமும் என்ற மூஞ்சியப் பாத்து அவருக்கும் சலிச்சிருக்கும்.”

நசுருதீன் சிரித்துவிட்டார், அவரும் சிரித்தார். அவ்வளவில் மூண்டது இரண்டாம் போர், முன்னதினும் கொடியது: தம் பாதியை மற்றவருக்கே கொடுத்துவிடுவதென்று இருவரும் வரிந்துகட்டி நின்றனர். ஜூன் மாதம் சாஜிதா பேகம் கண்களை இறுக மூடிக்கொண்டு தோணியேறியதையும், பேரன் பிறந்தபின் அதே தோணியில் கண்திறந்தே திரும்பியதையும், விவரம் பூராவும் முன்னே விரிக்கப்பட்ட கண்ணையா டிக்கெட் போட்டதையும் பின்னாளில் ஊரறியும். அந்த மாலையிலோ, ஞாயிறு மறைந்து, விளக்குகள் விண்மீன்களாய் மலர்ந்து, ஒலிபெருக்கி போர்முரசாய் அதிர, ஈகையில் இமயம் நிகர்த்த அவ்விருவரும், பெறுவார் இன்றிக் கொடுப்பாராகவே நின்று, எட்டு எட்டுப் பக்கங்களை ஏந்திய கைகளை இறக்காது, திசையெல்லாம் திகைக்கத் திகைக்க வழக்காடினர்.

மைதானத்துக்கு எதிரிலேயே ஜெராக்ஸ் கடை இருந்தது.