கருப்பன் கோயில் கறிச்சோறும் கிளிப்பச்சை பனியனும்

பெண்டாட்டிக்குப் பயப்படாத ஆம்பளை திருமங்கலம் வட்டாரத்திலேயே கிடையாது. இருக்கிறேன் என்று சொல்பவன், பெண்டாட்டி ஊரில் இல்லாத நாளாகப் பார்த்துச் சொல்கிறான். ஆனால் சோணைமுத்துவின் பயத்தில் ஒரு நியாயம் இருந்தது. மற்ற வீட்டம்மாக்கள் உயிரைத்தான் எடுப்பார்கள். ரோகிணி ரத்தமும் எடுப்பாள். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவளுக்கு அதுதான் உத்தியோகம்.

சோணைமுத்து பெயிண்ட் கடைக்காரன். வயது நாற்பத்தைந்து, தொப்பைக்கு அதைவிடக் கூட இருக்கும். உரக்கடை மலையாண்டி பேச்சைக் கேட்டு விடியக்காலையில் பைபாஸ் ரோட்டில் ஓட ஆரம்பித்தவன், ஓடின சூட்டில் பொங்கல் கழித்து மதுரையில் நடக்கும் மாரத்தானுக்கும் பேர் கொடுத்துவிட்டான். அன்றைக்குப் பிடித்தது சனி. ஓடுவது உங்கள் பொறுப்பு, தீனி என் பொறுப்பு என்று ரோகிணி அடுப்படியில் சட்டம் போட்டுவிட்டாள்.

காலையில் முளைகட்டின பச்சைப்பயறு. பத்து மணிக்கு அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு. மத்தியானம் கம்மஞ்சோறு. ராத்திரி முட்டையில் வெள்ளைக்கரு மட்டும்.

“மஞ்சக்கரு எங்கடி?”

“பாப்பா தின்னுட்டா.”

“ஞாயித்துக்கெழமை கறி?”

“அதையும் பாப்பாவும் நானும் தின்னுக்கிறோம். இங்க பாருங்க, ஓடுறவரு மாரத்தான் வரைக்கும் கறியத் தொடாதீங்க. முடிச்சிட்டு வாங்க, அந்த ஞாயித்துக்கெழமைலருந்து ஒங்க பங்கு ஒங்களுக்கு. நடுவுல ஒரு துண்டு வாயில வச்சீங்க, ஆயுசுக்கும் ஒங்க பங்கு எனக்கு.”

“ஒரே ஒரு துண்டுக்கு ஆயுசு தண்டனையா? கோர்ட்லகூட இப்படிக் கெடையாதே!”

“கோர்ட்ல போய்ச் சாப்பிடுங்க.”

சோணைமுத்து வாயை மூடிக்கொண்டான். மூடின வாயை மார்கழி வரைக்கும் காப்பாற்றியும் விட்டான். அப்போதுதான் மொட்டப்பாறைக் கருப்பன் கோயில் கறிச்சோறு வந்தது.

மொட்டப்பாறையில் வருசத்துக்கு ஒரு சனிக்கிழமை கிடாவெட்டு. கறுப்புக் கிடாவாக வெட்டி, சோறு பொங்கி, வயக்காட்டிலேயே பந்தி. ஆம்பளைகளுக்கு மட்டுந்தான். சாப்பிட்ட எலையை எடுக்க மாட்டார்கள். அது வெயிலில் கிடந்து காய்கிற வரைக்கும் பொம்பளைகள் அந்தப் பக்கம் காலடி வைக்கக்கூடாது. காலங்காலமாக அப்படித்தான்.

“மாப்ள, யோசி” என்றான் மலையாண்டி. “இந்த ஜில்லாவுலேயே ஒம்பொண்டாட்டி எட்டிப் பாக்க முடியாத எடம் அது ஒண்ணுதான். காலைல நீள ஓட்டம்னு சொல்லிட்டு வா. ஓடியே போவோம், திம்போம், ஓடியே வருவோம். தின்னது வீடு வந்து சேர்றதுக்குள்ள செரிச்சுப் போகும்.”

“தெரிஞ்சா உரிச்சுருவாடா.”

“சாமியே பொம்பளைகள வரக்கூடாதுன்னு சொல்லுது. அப்புறம் ஒனக்கென்ன பயம்?”

பயம் இருந்தது. ஆசை அதைவிடக் கூட இருந்தது. சனிக்கிழமை விடியலில் ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பினான். ரோகிணி வாசல் வரை வந்தாள்.

“எங்கிட்டு ஓட்டம்?”

“சும்மா... நேரா.”

“வெறும் வயித்துல போறீங்களே, ரெண்டு பயறு தின்னுட்டுப் போங்க.”

வயிற்றில் இடத்தை அடைத்துவிடுமே என்ற கவலையில் மென்று தொலைத்தான். அவள் சிரித்த மாதிரி இருந்தது. அந்தச் சிரிப்பு அவனுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

மொட்டப்பாறையை நெருங்கும்போதே கறிக்குழம்பு வாசனை வந்து கையைப் பிடித்து இழுத்தது. வயக்காடு முழுக்க வரிசை வரிசையாக ஆம்பளைகள். எல்லாரும் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. கூட ஓடிவந்த மலையாண்டியும் பையில் கொண்டுவந்ததை எடுத்து உடுத்திக்கொண்டான். நடுவில் சோணைமுத்து, மாரத்தான்காரர்கள் கொடுத்த கிளிப்பச்சை பனியனும் அரைக்கால் டவுசருமாக. அடையாளம் தெரியாமல் இருக்கட்டும் என்று தொப்பியை மட்டும் மூக்கு வரை இழுத்துவிட்டுக்கொண்டான். அம்புட்டுத்தான் அவனுக்குத் தோன்றியது.

எலை விழுந்தது. சோறு விழுந்தது. வாளியிலிருந்து கறி விழுந்தது. முதல் துண்டு உள்ளே போனதும் சோணைமுத்துக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அடுத்து ஈரல். அடுத்து ஒரு நல்லி எலும்பு, கட்டைவிரல் தண்டிக்கு. அதை வாயில் வைத்து உறிஞ்சப் போகும்போது மைக் செட் கொரகொரத்தது.

“அலோ... அலோ... பெரியோர்களே, பக்தகோடிகளே! திருமங்கலம் பெயிண்ட் கடை சோணைமுத்து அவர்கள், ஆயுசுக்கும் கறியைத் தொடுவதில்லை என்று நம்ம கருப்பன் மேல சத்தியம் செஞ்சிருக்காரு! மூணாவது வரிசையில கிளிப்பச்சை பனியனோட உக்காந்திருக்காரு. எல்லாரும் அவருக்கு ஒரு கும்பிடு போட்டுக்கங்க!”

பந்தியே திரும்பியது. குழம்பு வடிகிற கைகள் அத்தனையும் அவனைப் பார்த்துக் குவிந்தன. “கறிச்சோத்துக்கு முன்னால உக்காந்தும் மனசு அலையலையே, மகான்யா!” என்றார் எதிர் எலைக்காரர். மகானால் பதில் பேச முடியவில்லை. வாய்க்குள் நல்லி இருந்தது. துப்பினால் ஊர் பார்க்கும், மென்றால் சாமி பார்க்கும்.

மலையாண்டி மெதுவாக நகர்ந்து உட்கார்ந்தான். “சாமி குத்தம் ஆகிப்போகும் மாப்ள” என்று சொல்லி, சோணைமுத்து எலையில் கிடந்த கறியையெல்லாம் தன் எலைக்கு வழித்துக்கொண்டான்.

பாறை மேலே கருப்பன் அரிவாளோடு நின்றார். நேற்றுப் பெயிண்ட் அடித்த முழி. சாட்சாத் இவன் கடைப் பெயிண்ட்தான். அந்த முழி தன்னையே பார்க்கிறது என்று சோணைமுத்துக்குத் தோன்றியதும், எழுந்து எடுத்தான் பாருங்கள் ஓட்டம்! பிடறியில் கால்பட ஓடினான். பின்னால் தடதடவென்று யாரோ துரத்துகிற சத்தம். கருப்பன்தான், சந்தேகமே இல்லை. கழுத்தில் அரிவாள் விழப்போகிறது, பிள்ளை அநாதையாகப் போகிறது என்று அழுதுகொண்டே ஓடினான். பைபாஸ் வந்த பிறகுதான் திரும்பிப் பார்க்கத் துணிந்தான். கறி வாசனைக்குத் தொடர்ந்து வந்த செவலை நாய்.

வீட்டு வாசலில் வந்து விழுந்தான். ரோகிணி செம்பில் தண்ணீரோடு நின்றாள்.

“திருநீறு எடுடி! தின்னுட்டேன்! மன்னிச்சிரு தாயி!”

“எம்புட்டு?”

“ஒரு துண்டு.”

“ஒண்ணுதானா?”

“ஈரல் தனி.”

“அப்புறம்?”

“நல்லி... அது இன்னும் உள்ள போகல.” கன்னத்திலிருந்து எடுத்துக் காட்டினான். அவ்வளவு தூரமும் வாயிலேயே வந்திருக்கிறது.

“தண்ணியக் குடிங்க. சாமி ஒண்ணும் செய்யாது. நீங்கதான் சத்தியமே பண்ணலையே.”

“நான் பண்ணலதான். ஒனக்கு எப்படித் தெரியும்? பொம்பளைக அங்க வரக்கூடாதுல்ல?”

“நான் எங்க வந்தேன்? அங்க மைக் செட்டு எங்க சித்தி மகன் அழகுபாண்டி. ‘அக்கா, வெள்ளை வேட்டிக்கு நடுவுல கிளிப்பச்சையா மாமா உக்காந்திருக்காரு, என்ன செய்ய’ன்னு போன் போட்டான். ரெண்டு வரி சொல்லிக் குடுத்தேன்.”

சோணைமுத்துக்கு உயிர் திரும்பி வந்தது. “அப்ப அம்புட்டும் பொய்யா? சாமிக்கும் தெரியும்ல?”

“சாமிக்குத் தெரியும். ஊருக்குத் தெரியாதே? ஒங்களக் கும்பிட்ட ஆளுக முன்னாடி இனி எந்தக் கடையில போய்க் கறி கேப்பீங்க?”

அதற்குள் போன் அடித்தது. கறிக்கடை பீர் முகமது. ரோகிணி ஸ்பீக்கரில் போட்டாள்.

“அண்ணே, மலையாண்டி அண்ணன் இப்பத்தான் சொன்னாரு. மாஷா அல்லாஹ், பெரிய மனசுண்ணே ஒங்களுக்கு! மாரத்தான் முடிஞ்சா அரைக்கிலோ வேணும்னு சொல்லி வச்சிருந்தீங்களே, அதக் கொறச்சிரவா?”

சோணைமுத்து போனை நோக்கிக் கையை நீட்டினான். ரோகிணி முந்திக்கொண்டாள்.

“கொறைக்க வேணாம் பாய், நாளைக்கே அரைக்கிலோ போட்டுருங்க. அவரு பங்க நான் சாப்பிட்டுக்கிறேன்.”