கிடாவிடம் கேட்டவர்

மதுரைக்கு வடக்கே, கேட்காமல் ஒரு முருங்கைக்காயைக்கூடப் பறிக்காத மனிதர் ஒருவர்தான் இருந்தார். அவருக்குத் தொழில் ஆடு வெட்டுவது.

அவர் பெயர் எனக்குத் தெரியாது. ஆனையூரில் யாருக்கும் தெரியாது. 'உத்தரவு' என்றுதான் சொல்வார்கள். எதைத் தொடுமுன்னும் "உத்தரவா?" என்று கேட்பார். முருங்கை மரத்தடியில் நின்று கேட்பார். காற்றே இருக்காது. ஒரு கிளை மட்டும் அசையும். பறிப்பார். அசையாவிட்டால் வெறுங்கையோடு போய்விடுவார்.

கிணற்றில் வாளியை இறக்குமுன் குனிந்து கேட்பார். பதில் வரும்வரை நிற்பார். பின்னால் குடத்தோடு நிற்கிற பெண்கள் வைவார்கள். ஒருநாள் ரொம்ப நேரம் நின்றார். "கெணறு என்னண்ணே சொல்லுது, இன்னைக்கு லீவாமா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"முங்கிச் செத்தவ ஒருத்தி பேசிக்கிட்டிருக்கா. முடிக்கட்டும்" என்றார்.

அன்று அந்தக் கிணற்றில் யாரும் தண்ணீர் எடுக்கவில்லை.

பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணிடமே கேட்டாராம். அந்தக் காலத்தில் பெண்ணிடம் யார் கேட்டார்கள். அவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. குனிந்த தலை குனிந்தபடியே இருந்தாள். இவர் எழுந்து கும்பிட்டுவிட்டு வந்துவிட்டார். கடைசிவரை ஒண்டிக்கட்டை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் புளியமரத்தடியில் ஆடு வெட்டுவார். ஒன்றுதான். முதலில் அதன் தலையில் தண்ணீர் ஊற்றுவார். தலையைச் சிலுப்பினால் சம்மதம். சிலுப்பாவிட்டால் அந்த வாரம் ஊருக்குக் கறி இல்லை. கோயிலில் கிடா வெட்டும்போதுதான் இந்த வழக்கம். கறிக்கடையில் செய்தவர் இவர் ஒருவர்தான்.

கறியைப் பனையோலை மேல் கூறு போட்டு வைத்திருப்பார். வீட்டுக்கு ஒரு கூறு. வாங்க வருவதெல்லாம் பிள்ளைகள்தான். பெரியவர்கள் வரமாட்டார்கள். ஆட்டுத் தலையை ஒரு பலகையில், தெருவைப் பார்த்து வைத்திருப்பார். கண் திறந்திருக்கும். கூறு வாங்குகிறவர் அதன் முன்னால் நின்று, "வாங்கிக்கிறேன்" என்று அதனிடம் சொல்ல வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு சொன்னால் செல்லாது. பெரியவர்களுக்கு அது பிடிக்கவில்லை. எங்களை அனுப்பிவிட்டார்கள்.

வண்டிக்காரர் மகன் ஒருவன் எலும்பு வாங்க வந்தான். எலும்புக்குத்தானே வந்தேன், நான் எதற்குச் சொல்ல வேண்டும் என்று கேட்டான்.

"எலும்பு மட்டும் மரத்துல காய்ச்சதா?" என்றார்.

சில பிள்ளைகள் வீட்டுக்குப் போய் வாந்தி எடுத்தார்கள். ஒருத்தி அன்றோடு கறியை விட்டாள். நான் கண்ணைப் பார்த்துக் கணீரென்று சொல்லுவேன். எனக்கு ஈரல் பிடிக்கும். அது எங்கேயிருந்து வந்தது என்பதும் தெரியும். தெரிந்தே தின்றேன்.

சுட்டி வரும்வரை அப்படித்தான்.

சுட்டி கறுப்புக் கிடா. நெற்றியில் மட்டும் வெள்ளை. எனக்குக் காது குத்தும்போது வெட்டுவதற்காகப் பேரையூர் மாமா குட்டியாகக் கொண்டுவந்து விட்டது. ஒரு வருஷம் என்னோடு வளர்ந்தது. கருவேல நெற்று பொறுக்கிப் போட்டேன். கண்மாயில் குளிப்பாட்டினேன். மற்ற ஆடுகள் கறி. சுட்டி சுட்டி. ஏழு வயதில் எனக்கு அந்தக் கணக்கில் ஒரு குழப்பமும் இல்லை.

குளிப்பாட்டும்போது ஒன்று கவனித்திருந்தேன். காதுக்குள் தண்ணீர் போனால்தான் அது தலையைச் சிலுப்பும். போகாவிட்டால் சும்மா நிற்கும்.

காதுகுத்து சமயநல்லூருக்கு அந்தப் பக்கம் பொட்டலில் உள்ள முனி கோயிலில். இரண்டாம் உலக யுத்தத்துக்கு நாலைந்து வருஷம் முந்தி. கிளம்பும் முன்பு கிழிந்த தலையணையிலிருந்து இலவம்பஞ்சு எடுத்தேன். விளக்கெண்ணெயில் நனைத்து, கரியில் புரட்டி, சுட்டியின் இரண்டு காதிலும் வைத்து அடைத்தேன். அது பேசாமல் நின்றது. அதற்கும் தெரியும் என்று நினைத்தேன்.

மாமா மடியில் உட்கார்த்தி எனக்குக் காது குத்தினார்கள். நான் அழவில்லை. அதன்பின் கிடாவைக் கொண்டுவந்தார்கள். வெட்டுவதற்கு உத்தரவைத்தான் அப்பா கூட்டிவந்திருந்தார். உச்சிவெயில். பனைகள் அசையவில்லை. ஒரு காக்கைகூட இல்லை.

அவர் சுட்டியின் தலையில் தண்ணீர் ஊற்றினார். சிலுப்பவில்லை. மூன்று தடவை ஊற்றினார். இல்லை. ஏழு ஊற்றினார். சுட்டி கல் மாதிரி நின்றது. ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தது.

யாரோ ஒரு குத்தத்தை மறைக்கிறீர்கள், சொல்லிவிடுங்கள் என்றார் பூசாரி. பிறகு பெரியப்பா, பக்கத்துக் காட்டு வரப்பை இரண்டு சாண் நகர்த்தினதை ஒப்புக்கொண்டார். ஊற்றினார்கள். சிலுப்பவில்லை. சித்தி, மாமியாரின் மூக்குப்பொடி மட்டையைக் கிணற்றில் போட்டதைச் சொன்னாள். மாமியார் அங்கேயே நின்றாள். சிலுப்பவில்லை. அத்தை, சாமிப் பொங்கலுக்கு உப்புப் பார்த்தது தான்தான் என்றாள். பொங்கலுக்கு எதற்கு உப்பு என்று யாரோ கேட்டார்கள். கடைசியில் பூசாரியே, முனிக்கு வைத்த கள்ளைப் போன மாசம் குடித்துவிட்டதாகச் சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அதற்கும் சிலுப்பவில்லை.

அதற்குமேல் சொல்ல யாரிடமும் ஒன்றும் இல்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "புள்ளைக்கு ஆகாது போல" என்று பின்னால் ஒரு குரல் கேட்டது.

அம்மா என்னைச் சேர்த்துப் பிடித்தாள். அவள் உடம்பு நடுங்கியது எனக்குள் வந்தது. பஞ்சைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். சொன்னால் சுட்டி போகும். சொல்லாவிட்டால் அம்மா இப்படியே இருப்பாள். வாய் திறந்தபடி நின்றது.

உத்தரவு குனிந்து கிடாவின் காதில் ஏதோ கேட்டார். வாயை வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். நிமிர்ந்தார். அம்புட்டுக் கூட்டத்தில் நேராக என்னைப் பார்த்தார்.

துண்டை எடுத்துக் கிடாவின் முகத்தைத் துடைத்தார். துடைக்கிற சாக்கில் இரண்டு காதிலிருந்தும் பஞ்சை எடுத்து, கைக்குள் மூடிக்கொண்டார். நான் மட்டும் பார்த்தேன்.

மறுபடி ஊற்றினார். தண்ணீர் காதுக்குள் இறங்குவதைக் கண்ணால் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டேன். காது படபடக்கிற சத்தம் வரும் என்று காத்திருந்தேன்.

வரவில்லை.

திறந்தேன். சுட்டி நின்றது. காதிலிருந்து தண்ணீர் வழிந்தது. உத்தரவு குடத்தை எடுத்து முழுசும் கவிழ்த்தார். ஒன்றும் இல்லை. அருவாளைத் தரையில் வைத்தார்.

"இது வராது. அவுத்து விடுங்க."

மாமாவுக்குப் பொறுக்கவில்லை. "எல போட்டு ஒக்காந்திருக்காக அண்ணே. சாமி ஒண்ணும் சொல்லாது, போடுங்க."

"நான் சாமியவா கேட்டேன், தம்பி? அதுகிட்டக் கேட்டேன். வேண்டாங்குது."

அன்று பந்தியில் பூசணிக்காய்ச் சாம்பார். பேரையூரிலிருந்து இரண்டு வண்டி கட்டி வந்தவர்கள் அந்தச் சாம்பாரைப் பத்து வருஷம் பேசினார்கள்.

திரும்பி வரும்போது அவர் என் பக்கத்தில் நடந்தார். பஞ்சை என் கையில் வைத்தார்.

"நீ வச்ச. அது சரி. எடுத்த பெறகும் ஏன் சிலுப்பல?"

அதட்டிக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். அவரும் தலையாட்டினார். பிறகு எங்கே பார்த்தாலும், தெருவில், சந்தையில், என் கல்யாணப் பந்தலில்கூட, "தெரிஞ்சுதா தாயி?" என்பார். இல்லை என்பேன். போய்விடுவார்.

சுட்டி அதன்பின் ஒன்பது வருஷம் எங்கள் வீட்டில் இருந்தது. ஒருநாளும் தலையைச் சிலுப்பவில்லை. மழையில் நனைந்தாலும் இல்லை, ஈ மொய்த்தாலும் இல்லை. செவிடாகிவிட்டது என்றார் அப்பா. நான் பின்னால் நின்று மெதுவாகக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும்.

காதுகுத்துக்கு அடுத்த ஞாயிறு அம்மா கூறு வாங்க அனுப்பினாள். தலைக்கு முன்னால் நின்றேன். சொல்ல வரவில்லை. அவர் அவசரப்படுத்தவில்லை. வெறும் ஓலைப்பெட்டியோடு திரும்பி, அம்மாவிடம் ஏச்சு வாங்கினேன். நாலாவது வாரம் சொன்னேன். மெதுவாகத்தான் சொன்னேன். வாங்கி வந்தேன். தின்றேன்.

அம்மாவுக்குத்தான் அந்தப் பயம் விடவில்லை. புள்ளைக்கு ஆகாது என்று கேட்டது அவள் காதிலேயே தங்கிவிட்டது. பஞ்சைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அவரும் சொல்லவில்லை. எனக்கு லேசாக உடம்பு சுட்டாலும் அம்மா அவரிடம் ஓடுவாள்.

அவர் வருவார். உள்ளே வரமாட்டார். வாசலில் நிற்பார். "கெடா வேண்டாம்னது தனக்காக. ஒம் மகளுக்கு ஒண்ணும் இல்ல ஆத்தா" என்பார். பன்னிரண்டு வயதில் எனக்கு மஞ்சள்காமாலை வந்தது. பதினோரு நாள். பதினோரு நாளும் வந்தார். மருந்து கொண்டுவரவில்லை, மந்திரிக்கவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு என் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பார். போய்விடுவார்.

யுத்தம் முடிந்த வருஷம் அவர் தவறிப்போனார். நான் கைப்பிள்ளையோடு போனேன். உள்ளே போகச் சொன்னார்கள். போகவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு அவர் நெஞ்சையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிள்ளை அழுத பிறகுதான் நகர்ந்தேன்.