அருள்வாசலில் எழும்பிய கைகள்

பொழிச்சலூரில் தண்ணீர் லாரிக்குக்கூட அப்படிக் கூட்டம் கூடியதில்லை. 1991-இல் வெள்ளிக்கிழமைதோறும் எழுகரச் சித்தரைப் பார்க்கப் பல்லாவரத்திலிருந்தும் தாம்பரத்திலிருந்தும் ஆட்டோ பிடித்து வந்தார்கள். சித்தர் துறவு பூணுவதற்கு முன் பம்மலில் தேகப்பயிற்சிக் கூடம் நடத்தியவர். அதைப் பற்றி அவர் பேசுவதில்லை; பக்தர்களும் கேட்பதில்லை.

அவருடைய அற்புதம் எளிமையானது. இரண்டு கருங்கல் தூண்கள், நடுவே ஓர் ஆள் நிற்கும் இடைவெளி. பெயர் அருள்வாசல். உள்ளே நின்று, கைகளைத் தொங்கவிட்டு, புறங்கைகளால் இரு தூண்களையும் வெளிப்பக்கமாகப் பலங்கொண்ட மட்டும் தள்ள வேண்டும். தள்ளுவது தூணை அல்ல, பாவத்தை என்பது சித்தர் விளக்கம். "எழு எழு தாயே" என்று நூற்றெட்டு முறை சொல்லிவிட்டு முன்னால் ஓரடி வைத்தால், இரண்டு கைகளும் தாமாகவே மேலே எழும்பும். கயிறு கிடையாது, கம்பி கிடையாது. அம்மனே தூக்குகிறாள். கை எழும்பினால் உடம்பிலுள்ள நோய் இறங்கிவிட்டது என்று பொருள். எழும்பாதவர்களுக்குப் பாவம் கனம். அடுத்த வாரம் இரட்டைக் காணிக்கையோடு வரவேண்டும். உடம்பு பெருத்தவர்களுக்கு அகலமான வாசல் ஒன்று தனியாக இருந்தது. அம்மன் அளவெடுத்துத்தான் அருள் புரிந்தாள்.

திருமுடிவாக்கத்தில் லேத் ஓட்டும் சவுரிமுத்துவுக்கு மூன்று மாதத்துக்கு முன் மாரடைப்பு வந்தது. பிழைத்தார். மாத்திரையை ஒருநாளும் விடக்கூடாது என்றார் டாக்டர். சவுரிமுத்து ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போகிறவர்தான். ஆனால் நெஞ்சுவலி வந்தவன் எந்த வாசலிலும் நிற்பான். நின்றார். கைகள் ஜம்மென்று எழும்பின; கூட்டம் கைதட்டியது. அன்றோடு மாத்திரையை நிறுத்தினார்.

அவர் மனைவி ஞானம்மாள் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் ஆயா. மாத்திரையை விட்டவர்கள் ஸ்ட்ரெச்சரில் திரும்பி வருவதைப் பார்த்தவள். கெஞ்சினாள், திட்டினாள், இரண்டு நாள் சோறு போடாமல்கூட இருந்தாள்.

"நீயே கண்ணால பாத்த இல்ல? கை தன்னால தூக்கிக்கினு போச்சு. அப்பறம் இன்னாத்துக்கு மாத்திரை?" என்றார் அவர்.

அவளும்தான் பார்த்தாள்.

பன்னிரண்டாம் நாள் மாலை, மின்சார ரயிலில் பெண்கள் பெட்டியில் வந்துகொண்டிருந்தாள். மாம்பலத்தில் ஏறிய கூட்டம் அவளைக் கதவோரத் தடுப்புக்கும் சீட்டின் முதுகுக்கும் நடுவே செருகிவிட்டது. நசுங்காமல் இருக்கப் புறங்கைகளால் இரண்டு பக்கமும் தள்ளிக்கொண்டே வந்தாள். பல்லாவரத்தில் பிளாட்பாரத்தில் கால் வைத்தாள். இரண்டு கைகளும் தாமாக மேலே போயின.

"ஐயோ டீச்சர்! இன்னா இது, கை எம்பேச்சக் கேக்க மாட்டேங்குது!"

பின்னால் இறங்கிய நாகலக்ஷ்மி பள்ளியில் உயிரியல் நடத்துபவள். தினமும் அதே ரயில். "பயப்படாதீங்கோ. தோள்பட்டைத் தசை ஒரு நிமிஷம் விடாம இறுக்கிண்டே இருந்தா, விட்டப்புறமும் கொஞ்ச நேரம் தானாவே இறுகும். அதான் கை மேல போறது."

"அப்போ அம்மன் இல்லியா?"

"மாம்பலத்துக் கூட்டம்."

ஞானம்மாள் எல்லாவற்றையும் சொன்னாள். டீச்சரின் முகம் மாறியது. "கைத் தசை வேற, இதயத் தசை வேற ஞானம்மா. கை கால்ல இருக்கறது எலும்போட ஒட்டிண்டு நாம சொன்னபடி ஆடும், களைச்சா நின்னுடும். வயிறு, குடல்ல இருக்கறது நம்மளக் கேக்காம நிதானமா வேலை பாக்கும். இதயத்துல இருக்கறது மூணாவது ரகம். நம்ம பேச்சும் கேக்காது, லீவும் போடாது. அதுக்கு ரத்தம் நின்னா அந்த இடம் செத்துடும். செத்தது திரும்ப வளராது. கை எழும்பினதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?"

ஞானம்மாள் பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு எழுந்தாள். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது.

வெள்ளிக்கிழமை வரிசையில் நின்று அருள்வாசலுக்குள் போனாள். தூண்களைத் தள்ளினாள். மந்திரத்துக்குப் பதிலாக உரத்த குரலில், "சக்கரை ரெண்டு கிலோ, பாமாயில் ஒரு கிலோ, மண்ணெண்ணெய் அஞ்சு லிட்டர்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். கூட்டம் காதைப் பொத்திக்கொண்டது. வெளியே வந்தாள். கைகள் எழும்பின.

"தாயின் கருணை! பிழையையும் பொறுத்தாள்!" என்றார் சித்தர், கண்ணிமைக்கும் நேரத்தில்.

"சரி சாமி. இப்போ மந்திரத்த ஒழுங்கா சொல்லிக்கினு, கைய மட்டும் அழுத்தாம நிக்கட்டுமா?"

"உனக்கு நம்பிக்கை இல்லை. உனக்கு எழும்பாது."

"நம்பிக்கை கீறவரு நிக்கட்டும்." கூட்டத்திலிருந்த கணவரைப் பார்த்தாள். "யோவ், வா. உன்னவிட நம்புனவன் இங்க யாரு?"

சவுரிமுத்து வந்தார். கண்ணை மூடினார். கைகளைச் சும்மா தொங்கவிட்டு, நூற்றெட்டு முறையும் உருகி உருகிச் சொன்னார். வெளியே வந்தார். கைகள் தொங்கின. ஒருமுறை குனிந்து அவற்றைப் பார்த்தார். பக்கத்து டீக்கடைக்கு நடந்தார். அதன் குறுகலான வாசலில் நின்று, மந்திரம் ஏதும் சொல்லாமல், புறங்கைகளால் நிலையைத் தள்ளினார். நகர்ந்து வந்தார். கைகள் எழும்பின.

ஐந்து நிமிடத்தில் டீக்கடை வாசலில் வரிசை நின்றது. "டீ குடிக்கிறவங்க மட்டும் தள்ளுங்கப்பா, நிலை பேந்துடும்" என்று கத்தினார் கடைக்காரர். சித்தர் பின்வாசல் வழியாக வெளியேறினார். அந்த வாசலில் அவர் எதையும் தள்ளவில்லை.

"மாத்திரைய எங்க வெச்ச?" என்று கேட்டார் சவுரிமுத்து. முந்தானையில் முடிந்திருந்ததை எடுத்துக் கொடுத்தாள். டீக்கடைத் தண்ணீரில் விழுங்கினார்.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். அந்தப் பதினான்கு நாளில் இதயத்தில் இன்னொரு ஓரம் கெட்டிருந்தது. லேத் வேலை இனிமேல் கூடாது என்றார் டாக்டர். சவுரிமுத்து தலையாட்டினார். ஞானம்மாளுக்கு அந்த டாக்டர்மேல் கோபம் வரவில்லை. சித்தர்மேல்கூட அவ்வளவாக வரவில்லை. கைதட்டிய கூட்டத்தின்மேல்தான் வந்தது.

நம்பாதவர்கள் உங்கள் வீட்டு வாசலிலேயே ஒரு நிமிடம் தள்ளிப் பாருங்கள். அனேகமாக உங்கள் கையும் தானாக எழும்பும். மூளை அப்படி எழும்பாது. அதில் தசை கிடையாது. அதை நாமேதான் அசைக்க வேண்டும்.