திரைக்கு வெளியே ஒரு கதிரை

வயல் செய்கிறவனுக்குக் கடன் எங்கே கிடைக்கும் என்று கேட்டால், வங்கியில் என்று பட்டென்று சொல்பவர் ஒருநாளும் வயல் செய்திருக்க மாட்டார். நானும் அப்படிச் சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான். கலியாணம் முடித்து, பெண் வீட்டுக்குக் குடிவந்து, மாமனார் விட்டுச்சென்ற நாவிதன்வெளிப் பக்கத்து மூன்று ஏக்கரில் கால் வைத்த பிறகுதான் விஷயம் விளங்கியது. (மூன்று ஏக்கருக்கே நூறு ஏக்கர் போடியார் மாதிரி நடக்கிறேன் என்று மச்சான்மார் சொல்வார்கள். பொறாமை.)

அந்த வருடச் சிறுபோக விதைப்புக்கு வாய்க்காலில் தண்ணீர் விடும் நாளைக் குறித்துவிட்டார்கள். எங்கள் பக்கத்து வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டை விதானை வீடு தேடி வந்து, "தண்ணி வர முன்னுக்கு உழுது வைக்காட்டி, இந்தப் போகம் உங்கட வயல்ல மாடுதான் மேயும்" என்றார். உழவு மெஷினுக்கும் விதைநெல்லுக்கும் கையில் ஒரு சல்லி இல்லை.

முதலில் வங்கிக்குப் போனேன். வயல் யார் பேரில் என்று கேட்டார்கள். மௌத்தாகிப்போன மாமனார் பேரில். அப்படியென்றால் பிள்ளைகள் எல்லோரும் கையெழுத்து வைக்க வேண்டுமாம். ஒரு மச்சான் கட்டாரில் இருக்கிறார். இன்னொருவர் அடுத்த தெருவில்தான், ஆனால் என்னோடு கதைப்பதில்லை. பிறகு உரக்கடை ஹாஜியாரிடம் போனேன். அவர் வட்டியே வாங்க மாட்டார், ஹராம். கைக்காசுக்கு ஒரு விலை, கடனுக்கு ஒரு விலை, அவ்வளவுதான். அறுத்த நெல்லையும் அவர் சொல்லும் விலைக்கு அவருக்கே கொடுத்துவிட வேண்டும். எப்படிப் பார்த்தாலும் எனக்கு வைக்கோல்தான் மிஞ்சும். மனைவி ரிஸானாவின் மாலையோ போன போகத்திலிருந்தே அடகுக் கடையில் ஓய்வெடுத்துக்கொண்டிருந்தது.

"சபூரா ராத்தாட சீட்டு இரிக்கி. இந்த மாசச் சீட்ட நமக்குத் தரச்சொல்லிக் கேளுங்க" என்றாள் ரிஸானா.

எனக்குச் சிரிப்பு வந்தது. தெருவுக்கே அக்காவான சபூரா ராத்தாவிடம் எங்கள் தெருப் பெண்கள் மாதாமாதம் காசு சேர்த்து, பேரைக் குலுக்கி, விழுந்தவர் எடுத்துக்கொள்ளும் சீட்டு. சட்டி பானை வாங்கலாம், அபாயா வாங்கலாம். வயல் செய்யலாமா? சிரித்து முடித்த பிறகு, எனக்கு வேறு வழி இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

அவசரக்காரருக்குக் குலுக்காமலே கொடுப்பார்களாம். ஆனால் சபூரா ராத்தாவிடம் ஒரு சட்டம் இருந்தது. முறை தாண்டிக் கேட்கிறவர் நேரில் வந்து எல்லோர் முன்னாலும் கேட்க வேண்டும். ரிஸானாவுக்கோ பிள்ளை கிடைத்து நாற்பது நாள் முடியவில்லை, வாசல் தாண்டக் கூடாது. ஆகவே அவளுக்குப் பதிலாக நான்.

சனிக்கிழமை பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு, வெள்ளைச் சட்டை போட்டு, அத்தர் பூசிக்கொண்டு போனேன். (அத்தர் எதற்கு என்று இன்றுவரை எனக்கே தெரியாது.) முன் ஹோலில் எனக்கு ஒரு பிளாஸ்டிக் கதிரை. உள்ளறை வாசலில் பூப்போட்ட திரை. திரைக்கு அந்தப் பக்கம் பெண்கள். ஒரு முகமும் தெரியவில்லை. பிளேன்டீ கூடத் திரைக்கு அடியால்தான் வந்தது.

"சொல்லுங்க தம்பி" என்றார் சபூரா ராத்தா உள்ளேயிருந்து.

தொண்டையைச் செருமிக்கொண்டு, வங்கி முகாமையாளருக்கென்று தயாரித்து வைத்திருந்த பேச்சை அப்படியே எடுத்துவிட்டேன். விவசாயிதான் நாட்டின் முதுகெலும்பு என்பதெல்லாம் அதில் வந்தது. உள்ளே யாரோ சத்தமாகக் கொட்டாவி விட்டார்.

"அதெல்லாம் செரி. போன போகம் விளைச்சல் எப்படி?"

"கொஞ்சம் குறைவுதான் ராத்தா. வெள்ளம்."

"வெள்ளம் எங்கட வயலுக்கும்தானே வந்த. எங்களுக்கு நல்லா விளைஞ்ச" என்றது வேறொரு குரல். "நீங்க உரம் போட்ட இல்லையா?"

"போட்டன்... பாதி."

"மத்தப் பாதிக் காசு?"

மற்றப் பாதிக் காசோடு பொத்துவிலுக்குப் போய், மிச்சத்துக்குக் கடன் சொல்லி, ஒரு பழைய தண்ணீர்ப் பம்பு வாங்கியிருந்தேன். (வெள்ளம் வந்த போகத்தில் பம்பு எதற்கு என்று கேட்காதீர்கள்.) வாங்கிய அன்று ஓடியது. அதற்குப் பிறகு அதில் கோழிதான் அடைகிறது. ரிஸானாவிடம், அது கூட்டாளியின் பம்பு, வைத்திருக்கத் தந்திருக்கிறான் என்று சொல்லியிருந்தேன்.

"ஊட்டுல ஒரு பம்பு கிடக்காமே?"

"அது கூட்டாளிட."

"இதெல்லாம் உங்கட பொஞ்சாதிக்குத் தெரியுமா தம்பி?"

அந்த இடத்தில் நான் வாயை மூடியிருக்க வேண்டும். "வயல் விசயம் அவவுக்கு என்ன ராத்தா தெரியும்? பாவம், சோறாக்கத் தெரியும். மத்த எல்லாம் நான்தான்" என்றேன்.

அப்போது ஒரு பச்சைப் பிள்ளை வீறிட்டு அழுதது. இரவிரவாக என்னைத் தூங்கவிடாத அழுகை அது. ஒவ்வொரு வீறலுக்கும் கடைசியில் ஒரு விக்கல் வரும். விக்கலும் வந்தது.

"ஃபோன அமத்துங்க கா" என்று யாரோ கிசுகிசுத்தார்.

சீட்டில் ரிஸானாவும் பங்குதானே, நாற்பது முடியும்வரை கூட்டத்துக்கு ஃபோனிலேயே வந்துகொண்டிருந்தாளாம். இதை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. இனி ஒளிக்க என்ன இருக்கிறது? திரைக்குள்ளிருந்து என் மனைவியின் குரல் ஸ்பீக்கரில் நிதானமாக வந்தது.

"பம்பு வித்த மனிசன் புதன்கிழம ஊட்டுக்கு வந்து மிச்சக் காசு கேட்ட. எனக்குத்தான் சோறாக்கத் தெரியுமே. ஆக்கிக் குடுத்து அனுப்பின."

உள்ளே சிரித்த சிரிப்பில் திரை ஆடியது. எனக்கு அழுகை வராத குறை. எழுந்து போனால் மிச்சமிருக்கிற மானம் தப்பும், ஆனால் வயலில் மாடுதான் மேயும். இருந்த கதிரையிலேயே இருந்தேன்.

"ராத்தா, பொய் சொல்லிப்போட்டன். பம்பு என்ட பிழைதான். ஆனா தண்ணி வரப் போகுது. உழக் காசில்ல" என்றேன். (நான் எழுதிய, பேசிய கடன் விண்ணப்பங்கள் எல்லாவற்றிலும் ஒழுங்கானது அது ஒன்றுதான்.)

"ரிஸானா, நீ என்ன சொல்றாய்?" என்று கேட்டார் சபூரா ராத்தா.

ஃபோனில் பிள்ளையின் விக்கல்தான் முதலில் கேட்டது. எந்த வங்கி வாசலிலும் நான் அப்படிப் பயந்து காத்திருந்ததில்லை.

"குடுங்க ராத்தா. எங்கட வாப்பாட வயல். ஆனா சல்லிய அவர்ட கையில மட்டும் குடுக்க வேணாம்."

அப்படியே செய்தார்கள். மெஷின்காரருக்கு சபூரா ராத்தா நேரே காசைக் கொடுத்தார். விதைநெல் வீட்டுக்கு வந்து இறங்கியது. தண்ணீர் வந்தபோது எங்கள் வயல் உழுது தயாராகக் கிடந்தது. அல்ஹம்துலில்லாஹ், அந்தப் போகம் அடகுக் கடை மாலை கூட வீட்டுக்குத் திரும்பியது.

ரிஸானாவின் நாற்பது எப்போதோ முடிந்துவிட்டது. ஆனாலும் விதைப்புக் காசு வேண்டுமென்றால் சீட்டுக்காரர்கள் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். போகத்துக்குப் போகம் நான் போய் அந்தக் கதிரையில் உட்கார வேண்டும். அன்று அழுத மகளுக்கு இப்போது ஏழு வயது. நாற்பது நாளுக்குள்ளேயே வாப்பாவைப் பிடித்துக்கொடுத்தவள் என்று, விருந்துக்கு வருகிறவர்களிடமெல்லாம் அவளே பெருமையாகச் சொல்லித் திரிகிறாள்.

போன சனிக்கிழமை அவளும் என்னோடு வந்தாள். எனக்குத் துணையாகப் பக்கத்தில் இருப்பாள் என்று நினைத்தேன். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, திரையை விலக்கிக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள். சபூரா ராத்தா வாய் திறக்குமுன் அந்தப் பக்கத்திலிருந்து சின்னக் குரல் ஒன்று வந்தது.

"வாப்பா, போன போகம் மிஞ்சின உர மூடைய ஆருக்கு வித்தீங்க?"